பட்டாம்பூச்சிக்கு வயது பதின்மூன்று

கலைவாணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி, வயிற்றை நசுக்கி, குடலை இழுத்துப் போட்டுவிட்டு மீனைச் சட்டியில் சேர்ப்பது அவள் விரல்களுக்குப் பழகிய வேலை. கண் பார்க்க வேண்டியதில்லை. கண், உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்த ஃபோனில் இருந்தது. அதில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"ஹாய் பட்டாம்பூச்சி. சாப்டியா? வீட்ல யார் யார் இருக்கா?"

பட்டாம்பூச்சி என்பது கலைவாணிதான். வயது பதின்மூன்று. ஊர் அம்பத்தூர். பிடித்தது சாக்லேட், பிடிக்காதது கணக்கு, முகத்துக்குப் பதில் ஒரு பூனைக்குட்டியின் படம். உண்மையில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, வீடு ஆவடி குவார்ட்டர்ஸில், சாக்லேட் தின்றால் கடைவாய்ப் பல் கூசும்.

பதில் போட வேண்டும், கையெல்லாம் மீன். முழங்கையால் தட்டிப் பார்த்தாள். திரையில் 'ஙஙஙப்' என்று விழுந்து, அவள் தடுப்பதற்குள் போயும் சேர்ந்துவிட்டது.

"சோ ஸ்வீட்" என்று பதில் வந்தது.

அனுப்பியவன் பெயர் புலிக்குட்டி. தனக்கும் பதின்மூன்று என்று சொல்லிக்கொள்பவன். "சோ ஸ்வீட்டாம். வா நீ, ஒரு நாள் மாட்டுவ" என்று கலைவாணி ஒரு நெத்திலியின் தலையைக் கொஞ்சம் பலமாகவே கிள்ளினாள்.

அவள் பிறந்தது கோவில்பதாகையில். அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது மனைக்கற்கள் நிற்கின்றன. ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் அவள் தையல்காரி. இருபது வருடமாகக் கால்சட்டையின் இடுப்புப் பட்டையை மட்டுமே தைக்கிறாள். ஒரு முழுக் கால்சட்டையை இதுவரை தைத்ததில்லையே என்று யாராவது கேட்டால், "பட்டை ஒழுங்கா இல்லன்னா மீதி எல்லாம் இன்னாத்துக்கு?" என்பாள். கணவன் ரகுநாதன் அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். ஒரே மகள் கிருஷ்ணப்பிரியா, எட்டாவது முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தாள். கலைவாணி பயம் வந்தால் அழுகிற ரகம் இல்லை, உடனே எதையாவது செய்கிற ரகம். செய்தது சரியா என்ற யோசனை பிறகுதான் வரும்.

பயம் வந்தது ஏப்ரலில். குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் பெற்றோருக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். இணையத்தில் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று சொல்லித்தர ஓர் இளம்பெண் வந்திருந்தாள். நல்ல பெண், நன்றாகவே சொன்னாள். பிள்ளைகளைக் குறிவைக்கிறவன் கொம்பு முளைத்து வரமாட்டான், அதே வயதுப் பிள்ளைபோல வேஷம் போட்டு வருவான். பூனைக்குட்டிப் படம் வைப்பான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பான். அம்மா ஃபோனைப் பார்ப்பாளா என்பான். நம் பேச்சை யாரிடமும் சொல்லாதே என்பான். கூடம் மூச்சு விடாமல் கேட்டது. அடுத்து, அப்படி நடந்தால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று அவள் ஆரம்பித்தபோது சமோசா வந்துவிட்டது. பின்வரிசை எழுந்தது. பின்வரிசை எழுந்தால் முன்வரிசை உட்காருமா? அந்தப் பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் காலி நாற்காலிகளிடம் சொல்லி முடித்தாள்.

ஆக, குவார்ட்டர்ஸ் பெற்றோர் கற்றுக்கொண்டது திருடனின் தொழில்முறையை மட்டும்தான்.

கலைவாணி வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நேராகக் கேட்டுப் பார்த்தாள். "ஃபோன்ல எந்நேரமும் இன்னாடி பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு கட்டை விரலும் இப்டி ஆடுது?"

"ம்மா, ப்ளீஸ்."

அதோடு பேச்சு முடிந்தது. திருடன் வேஷம் போட்டு நுழைய முடியும் என்றால் பெற்றவள் நுழைய முடியாதா என்று கலைவாணிக்குத் தோன்றியது. பக்கத்து மிஷினில் உட்காரும் ஒரு பயிற்சிப் பெண்ணைக் கேட்டுப் பட்டாம்பூச்சியை உண்டாக்கினாள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஏதோ ஒரு விளையாட்டுச் செயலிக்குள் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள், சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் பிரியாவும் அதில் எழுதினாள். பிறகு மெல்ல நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் குறையவில்லை, புலிக்குட்டி, ஐஸ்கிரீம், டிராகன் என்று நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தார்கள். எல்லாருக்கும் பூனை, நாய், முயல் முகங்கள். அத்தனை பேரும் கேட்டது ஒன்றையேதான்: வீட்டில் யார் இருக்கிறார்கள், அம்மா ஃபோனைப் பார்ப்பாளா. கலைவாணிக்குப் பயம் கூடியது. அவளும் எதிர்க்கேள்வி போட்டாள்: "உங்க அம்மா பாப்பாங்களா?" அந்தப் பக்கமும் இதே பயம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதிலும் புலிக்குட்டி மோசம். பிரியாவின் பெயரைச் சொல்லியே கேட்டான். "பிரியா ஏன் இப்ப வர்றதில்ல? உனக்கு அவளத் தெரியுமா?"

ஒரு நாள் காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுக் கலைவாணி வீட்டில் படுத்திருந்தாள். அன்றுதான் அது கண்ணில் பட்டது. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் குரூப்பில் ஒரு சத்தமில்லை. கோடை விடுமுறை, பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் ஃபோனைக் கீழே வைக்காத காலம். ஆனால் மாலைச் சங்கு ஊதும்வரை ஓர் எழுத்து விழவில்லை. ஊதிய கொஞ்ச நேரத்தில் புலிக்குட்டி வந்தான். அவன் பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள். இத்தனை நாள் சங்குக்குச் சங்கு அவளும் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்ததால் இது தெரியாமல் போயிருந்தது. தொழிற்சாலைக்குள் ஃபோன் கொண்டுபோக முடியாது. கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், வெளியே வந்துதான் திரும்ப வாங்க முடியும்.

அன்று பகல் முழுவதும் பிரியா எதிர்க் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் வேகமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். குரூப்பிலோ ஒன்றுமில்லை. அப்படியென்றால் யாரோடு பேசுகிறாள் என்று அங்கேயே கேட்டிருக்கலாம். கலைவாணி புலிக்குட்டியை யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அங்கம்மாவிடம் போய்ச் சொன்னாள். அங்கம்மா விருதுநகர்க்காரி, அதே தையல் பிரிவு. "அக்கா, அவன் நம்ம ஃபேக்டரி ஆளு. கேட்ல ஃபோனக் குடுத்துட்டு உள்ள போறவன். அவன் இல்லாதப்போ புள்ளைங்க எதுவும் வாயத் தொறக்கல. எல்லாத்தையும் வசியம் பண்ணி வச்சிகினு கீறான்."

அங்கம்மாவின் முகம் வெளுத்தது. "அப்படியா சொல்ற? அந்த ஐஸ்கிரீம் பிள்ளை நல்ல பிள்ளையாத்தான் தெரியுது."

"உனுக்கு எப்டிக்கா ஐஸ்கிரீமத் தெரியும்?"

"நீதானத்தா சொன்ன" என்றாள் அங்கம்மா. கலைவாணி சொல்லியிருக்கவில்லை. காய்ச்சலில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

இருவரும் சேர்ந்து பொறி வைத்தார்கள். பட்டாம்பூச்சி புலிக்குட்டிக்குத் தனியாக எழுதியது: "நேர்ல பாக்கலாமா?"

பதில் உடனே வந்தது. "வா. தனியா வா. அம்மாகிட்ட சொல்லாத. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பார்க் சறுக்குமரம். நான் கிரிக்கெட் பேட் வச்சிருப்பேன்."

"நான் மஞ்சள் ரிப்பன்."

ஞாயிறு சாயங்காலம் டீ குடித்து எழுந்ததும் ரகுநாதன் யூனியன் கூட்டம் இருக்கிறது என்றான். "போய்ட்டு வாங்க, நானும் கோயிலுக்குப் போறேன்" என்றாள் கலைவாணி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், முதலில் அவனும் சற்றுப் பின்னால் அவளுமாகப் புறப்பட்டார்கள். படியிறங்கும்போது அவள் நரையோடிய பின்னலில் மஞ்சள் ரிப்பனைக் கட்டிக்கொண்டாள். கைப்பையில் பூரிக்கட்டை இருந்தது. அங்கம்மா தன் பங்குக்கு ஒரு மிளகாய்த்தூள் பொட்டலம் எடுத்து வந்தாள்.

பார்க்கில் சறுக்குமரத்தின் ஏணியருகே, குட்டையான பிளாஸ்டிக் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் ஆள் முதுகு காட்டி நின்றிருந்தான். அந்தச் சட்டையின் காலர் பிரிந்திருந்ததைத் தைத்தவள் கலைவாணியேதான். அவன் திரும்பினான். மஞ்சள் ரிப்பனைப் பார்த்தான். ரிப்பனுக்கு முன்னால் இருந்த முகத்தையும் பார்த்தான்.

"கலை, நீ இங்க இன்னா பண்ற?"

"கோயிலுக்கு வந்தேன். நீங்க?"

"யூனியன் கூட்டம்."

"சறுக்குமரத்துலயா?"

ரகுநாதன் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "கொஞ்சம் தள்ளிப் போ கலை. இங்க ஒரு கேடுகெட்டவன் வரப் போறான். பட்டாம்பூச்சின்னு பேரு. நம்ம பிரியாவத் தேடினு கீறான். நேர்ல வரச் சொல்லி எழுதிக்கீறான். இன்னிக்கு அவன் கால ஒடிக்கப் போறேன்."

"எந்தக் கால ஒடிப்ப?" கலைவாணிக்கு மரியாதை நழுவியது. "ஒடி பாக்கலாம். புலிக்குட்டியாம் புலிக்குட்டி. சோ ஸ்வீட்டா உனுக்கு?"

"நீயா பட்டாம்பூச்சி?" என்றான் ரகுநாதன்.

சறுக்குமரத்துக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் எழுந்து வந்தான். துணி வெட்டும் பிரிவு பால்ராஜ். ரகுநாதன் துணைக்கு அழைத்து வந்தவன். "அண்ணாத்தே, நீதான் புலிக்குட்டியா? என்கிட்ட சொல்லவே இல்லியே! உன்னப் பத்தி நான் என் பொண்டாட்டிகிட்ட அழுதுட்டேன்யா."

"நீ யாருடா?"

"நான் டிராகன்" என்று தலையைச் சொறிந்தான். "ஆறாவது படிக்கிற பொண்ணு."

"நோட்டுக்குள்ள வச்ச மயிலிறகு குட்டி போட்டுச்சுன்னு எழுதினது நீதானா?" என்றாள் அங்கம்மா. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூவரும் அவளைப் பார்த்தார்கள். "ஆமா, நான்தான் ஐஸ்கிரீம். எம்மகனப் பாக்கத்தான் உள்ள போனேன். போனா அவனக் காணும். நீங்க எல்லாரும் அன்பா விசாரிச்சீங்க. பிறகு எப்படி வெளிய வர்றது?"

குரூப்பில் இன்னும் பல பெயர்கள் இருந்தன. அங்கம்மா அங்கேயே நின்றபடி எழுதி அனுப்பினாள்: "யாரெல்லாம் நெசமாவே பிள்ளைக? யாரெல்லாம் அப்பா அம்மா? உண்மையச் சொல்லுங்க."

பார்க்கைச் சுற்றி மூன்று பக்கமும் குவார்ட்டர்ஸ் கட்டிடங்கள். முதல் மாடியில் ஒரு ஃபோன் கிணுகிணுத்தது. அடுத்து மேல்மாடியில் ஒன்று, துணி காய்கிற பால்கனியில் ஒன்று, கீழே கூட்டுறவுக் கடை வாசலில் ஒன்று. ஜன்னலுக்கு ஒரு தலையாக எட்டிப் பார்த்தன. பேட்டோடு நிற்கும் ரகுநாதனையும் ரிப்பனோடு நிற்கும் கலைவாணியையும் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஃபோனில் பதில்கள் வரத் தொடங்கின. "அம்மா." "அப்பா." "அப்பா." "சித்தி." ஒரே ஒருவர் மட்டும் "தாத்தா, ஸாரி" என்று போட்டிருந்தார்.

பால்ராஜ் சிரிக்க ஆரம்பித்தான். ரகுநாதனுக்கும் சிரிப்பு வந்தது. அங்கம்மா சறுக்குமரத்தின் அடியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கலைவாணி சிரிக்கவில்லை. ரிப்பனை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இங்க கீறது எல்லாம் நாமதான்னா, புள்ளைங்க எங்க கீது?"

சிரிப்பு நின்றது.

வீட்டில் பிரியா அதே கட்டிலில் இருந்தாள். கலைவாணி கைகால் கழுவினாள், தோசை வார்த்தாள், மகளைச் சாப்பிட வைத்தாள். வெறும் வயிற்றில் எந்தப் பிள்ளையும் உண்மை பேசாது. தட்டு காலியாகும்போதுதான் ஆரம்பித்தாள். "நம்ம குவார்ட்டர்ஸ் புள்ளைங்க குரூப்னு ஒண்ணு இருந்துதே, அதுல இப்ப நீ இல்லியா?"

"அதுவா? அதுல எல்லாம் லூசுங்கம்மா. யாரு யாரோ வந்து அம்மா ஃபோன் பாப்பாங்களா, வீட்ல யாரு இருக்கான்னே கேட்டுச்சுங்க. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, அப்படிக் கேட்டா உடனே ப்ளாக் பண்ணணும்னு. பண்ணிட்டு எல்லாரும் வேற எடத்துக்குப் போயிட்டோம்."

"போன எடத்துல எல்லாம் நல்லவங்களா?"

பிரியா தட்டில் ஒட்டியிருந்த சட்னியைச் சுரண்டினாள். சுரண்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கலைவாணி வேறு எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தன்" என்றாள் பிரியா கடைசியில். "நல்லாத்தான் பேசினான். ஃபோட்டோ கேட்டான். ஸ்போர்ட்ஸ் டேல எடுத்தத அனுப்பினேன், யூனிஃபார்ம்ல. இப்ப இன்னும் அனுப்பு, இல்லன்னா இந்த ஃபோட்டோவ அசிங்கமா மாத்தி எல்லாருக்கும் அனுப்பிடுவேன்கிறான்."

"எங்ககிட்ட ஏண்டி சொல்லல?"

"கிரண் அவங்க அப்பாகிட்ட ஒரு தடவ சொன்னான். பால்ராஜ் அங்கிள் இன்னா பண்ணாரு? ஃபோனத் தூக்கி தண்ணி சம்ப்ல போட்டாரு. கிரண் இப்ப யார்கிட்டயும் எதுவும் சொல்றதில்ல. நாங்களும்தான்."

அதுவரை கதவோரம் நின்றிருந்த ரகுநாதன் பாய்ந்து வந்தான். "கொண்டா அந்த ஃபோன! இனிமே இந்த ஊட்ல—"

பிரியா ஃபோனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அந்தக் கையையும் முகத்தையும் கலைவாணி பார்த்தாள். ஃபோன் ஒரு தடவை பிடுங்கப்பட்டால் இந்த வாய் அதற்கப்புறம் திறக்காது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"யோவ் புலிக்குட்டி, உக்காரு" என்றாள்.

ரகுநாதன் உட்கார்ந்தான். பிரியா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "புலிக்குட்டியா?" என்றாள். அவள் கண்கள் விரிந்துகொண்டே போயின. "அப்ப நீ?"

"பட்டாம்பூச்சி. அத அப்புறம் பேசிக்கலாம். ஃபோன் உன்கிட்டதான் இருக்கும், எவனும் புடுங்க மாட்டான். அவன் எழுதினத மட்டும் காட்டு."

"அழிச்சிடலாம்னு இருந்தேன்."

"அழிக்கக் கூடாது. மிஷின்ல ஊசி ஒடஞ்சா இன்னா பண்ணுவோம் தெரியுமா? ஒரு பொடித் துண்டு விடாம தேடி எடுத்து காயிதத்துல ஒட்டிக் குடுக்கணும். அப்பதான் புது ஊசி. ஒரு துண்டு குறைஞ்சாலும் அது எந்த சிப்பாய் இடுப்பக் குத்துமோன்னு வரிசையே நிறுத்திடுவாங்க. அவன் எழுதினது அத்தனையும் துண்டு. எல்லாத்தையும் படம் புடிச்சி வை. பதில் மட்டும் போடாத."

பிரியா ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். ஒன்றையும் விடவில்லை. மேலே உருட்டி, முதல் 'ஹாய்' வரை போய்விட்டு வந்தாள். ரகுநாதன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அந்த வீட்டில் யாரும் கேட்காமல் அவன் தண்ணீர் கொண்டுவருவது அபூர்வம்.

மறுநாள் காலைச் சங்கு ஊதியபோது கலைவாணி தொழிற்சாலை கேட்டில் இல்லை. மகளோடு போலீஸின் சைபர் குற்றப் பிரிவில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பெயர் சுதா. படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார், பிரியாவிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார், புகாரை எழுதி வாங்கிக்கொண்டார். "நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. ஃபோட்டோ அனுப்பினது தப்பில்ல, மிரட்டுறான் பாரு, அதுதான் குத்தம். அந்தக் கணக்க முடக்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடுவோம்" என்றார். பிறகு முகவரியைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"உங்க குவார்ட்டர்ஸ்ல ஒரு கும்பலே வேலை செய்யுது போலிருக்கு. பசங்க சேர்ந்து ஆன்லைன்ல ஏற்கெனவே ஒரு புகார் குடுத்திருக்காங்க. அதுல மெயின் ஆளு ரெண்டு பேரு. பட்டாம்பூச்சின்னு ஒருத்தன், புலிக்குட்டின்னு ஒருத்தன்."

பிரியா கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள். புகார் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. வெட்கப்பட ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத் தைரியமாகப் புகார் கொடுத்துவிட்டு, ஃபோட்டோ அனுப்பிய விஷயத்தைத்தான் வயிற்றுக்குள் வைத்திருந்தாள்.

"மேடம், அந்தப் பட்டாம்பூச்சி நான்தான்" என்றாள் கலைவாணி.

சுதா பேனாவை மூடினார். "புலிக்குட்டி?"

"ஊட்டுக்காரரு. பைக் நிறுத்தப் போயிருக்காரு. டிராகன், ஐஸ்கிரீம் எல்லாரும் டூட்டிக்குப் போய்ட்டாங்க. சாயங்காலம் சங்கு ஊதினாத்தான் வருவாங்க."

சுதா மூடிய பேனாவை மறுபடி திறந்தார். அத்தனை பேரும் அன்று சாயங்காலமே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்குகளை மூட வேண்டும் என்றார். எழுதிக் கொடுக்கும்போது பிள்ளைகளும் எதிரில் இருக்க வேண்டும் என்றார். "வரும்போது சொல்லுங்க, நானும் இருக்கேன். பாக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மூவரும் வெளியே வந்து டீக்கடையில் நின்றார்கள். ரகுநாதன் பிரியாவுக்குப் பால் சொன்னான். அப்போது அவள் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. பார்த்தாள். முகம் சிறுத்தது. ரகுநாதனின் கை அரை அடி நீண்டது; கலைவாணி பார்த்த பார்வையில் டீ கிளாஸுக்குத் திரும்பியது. அவள் ஆறிய டீயை ஒரு வாய் குடித்தாள்.

பிரியா திரையைத் திருப்பி அம்மாவின் பக்கம் நீட்டினாள். "அவன்தான்மா. வேற நம்பர்லருந்து. இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணுமாம்."

"படம் புடிச்சியா?"

"புடிச்சிட்டேன்."

"பால ஊதிக் குடி. அந்த மேடம் இன்னும் சீட்லதான் இருப்பாங்க" என்றாள் கலைவாணி. கிளாஸைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, வந்த வழியே மூவருமாக மறுபடி சைபர் பிரிவின் படியேறினார்கள்.